ஹோமப் புகை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்

போன தை மாதம், ஒரு முகூர்த்த நாள் காலை. மன்னார்புரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் அப்போதுதான் நுழைந்து பையை மேஜைமேல் வைத்திருந்தேன். கைபேசி அலறியது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் தீ அலாரம் அது. கமிட்டி ஆட்களின் கைபேசியிலும் அடிக்கும்படி வைத்திருக்கிறோம். நான் பதறி எழுந்தேன் என்றுதானே நினைப்பீர்கள்? அதெல்லாம் ஒன்றும் இல்லை. "ஹோமம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை ஒதுக்கித் தள்ளக் கட்டைவிரலை வைத்தேன்.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். எங்கள் கட்டடம் அம்மா மண்டபம் போகிற பக்கம் இருக்கிறது. ஐந்து மாடி, கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். நான் பிறந்து வளர்ந்தது உறையூர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் ஒரே கட்டடத்தில் இத்தனை ஹோமம் நடக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தைக்கு ஆண்டு நிறைவா, ஹோமம். புதிதாகக் குடிவந்தவர்களா, ஹோமம். அறுபது நிறைந்ததா, ஹோமம். ஜாதகத்தில் ஏதாவது இடிக்கிறதா, கேட்கவே வேண்டாம். நான் குறையாகச் சொல்லவில்லை, முதல் ஆளாகப் போய்ப் பிரசாதம் வாங்கிக்கொள்கிறவள்தான் நானும். ஆனால் நடைபாதைக் கூரையில் மாட்டியிருக்கும் புகைக் கருவிக்கு பக்தி தெரியுமா? நெய் விழுந்து புகை கிளம்பினால் அது கூப்பாடு போடும்.

அதனால் கட்டடத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஹோமம் வைத்திருக்கிறவர்கள் முந்தின நாளே வாட்ச்மேன் காதில் போட்டுவிடுவார்கள். அவர் காலையில் எழுந்ததும் மொத்தக் கட்டடத்தின் அலாரத்தையும் நிறுத்திவிடுவார். ஒரு வீட்டு ஹோமத்துக்கு ஐந்து மாடியும் ஊமை. திரும்பப் போட மறந்தால் மறந்ததுதான், எப்போது நினைவு வருகிறதோ அப்போது. நிறுத்தச் சொல்லாத நாட்களில் மணி அடித்தால் யாரும் கதவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். 'புலி வருது' கதைதான்.

இந்த லட்சணத்தில் என்னைப் பிடித்து அசோசியேஷன் செக்ரட்டரி ஆக்கினார்கள். வேறு யாரும் முன்வரவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி, அதனால் வேலைக்குப் பொருத்தம் என்று என் வீட்டுக்காரரே கையைத் தூக்கினார். பொறுப்பு வந்த பிறகுதான் கட்டடத்தில் என்னென்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். கேமரா ஒரு கடையில் வாங்கியது. அலாரம் வேறு கடை. கேட்டுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் அட்டையைக் காட்டினால் திறக்கிற பூட்டு, அது மூன்றாவது கடை. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. மணி அடித்தால் எந்த மாடி என்று பார்க்க வாட்ச்மேன் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு ஓட வேண்டும். அங்கிருந்து கேமரா டிவிக்கு ஓட வேண்டும். அதற்குள் மொட்டைமாடிப் பூட்டு எங்கே, அட்டை யாரிடம் என்று தேட வேண்டும்.

அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயைக் கூப்பிட்டேன். வளைகுடாவில் பெரிய பெரிய கட்டடங்களின் கண்காணிப்பு அறையில் பல வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு காவக்காரன் வச்சிருக்கீங்க மேடம். ஒருத்தன் கத்துவான், கண்ணு தெரியாது. ஒருத்தனுக்குக் கண்ணு தெரியும், வாய் பேச வராது. மூணாவது ஆளு கதவைப் புடிச்சிக்கிட்டு நிப்பான், காது கேக்காது. மூணு பேரையும் ஒரே ஆளாக்கிடுவோம், இன்ஷா அல்லா."

கூட்டம் போட்டுப் பேசினோம். பேசினோம் என்ன, சண்டை போட்டோம். எதிர்த்தவர்களில் முதல் ஆள் மூன்றாவது மாடி மாமா. எண்பதை நெருங்குகிறவர், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "ஏம்மா, ரங்கநாதன் பள்ளிகொண்டிருக்கிற க்ஷேத்ரம் இது. பெருமாள் கடாக்ஷத்துக்கு மேல உங்க கேமரா எதைப் பாத்துடப் போறது? ஆத்துல ஒரு ஹோமம் பண்ணணும்னா இனிமே இந்தப் பொட்டிகிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பெருமாளே அஞ்சு தலைப் பாம்பைக் காவலுக்கு வச்சிக்கிட்டுதான் மாமா தூங்குறாரு" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். லிஃப்டில் எதிர்ப்பட்டால் கூரையைப் பார்ப்பார்.

ஆனாலும் வேலை முடிந்தது. இனி எங்கே புகை வந்தாலும் அந்த இடத்துக் கேமராவின் படம் அலாரத்தோடு சேர்ந்து எங்கள் கைபேசிக்கு வரும். அங்கே இருக்கும் ஸ்பீக்கரில் இங்கிருந்தே பேசலாம். மொட்டைமாடிப் பூட்டு தானாக விட்டுவிடும். லிஃப்ட், புகை இல்லாத மாடியில் போய்த் திறந்துகொண்டு நிற்கும். கீழே படிக்கட்டுக்குப் போகும் இரும்புக் கதவைக் காந்தம் ஒன்று எப்போதும் திறந்தே பிடித்திருக்கும். மணி அடித்தால் காந்தம் விட்டுவிடும், கதவு தானாகச் சாத்திக்கொண்டு புகையை மேலே ஏற விடாது.

ஹோமத்துக்கும் பாய் ஒரு வழி செய்தார். ஹோமம் நடக்கிற மாடியை மட்டும் வாட்ச்மேனே நிறுத்திக்கொள்ளலாம், மதியம் தானாகத் திரும்ப வந்துவிடும். மொத்தக் கட்டடத்தையும் நிறுத்த வேண்டுமானால் வாட்ச்மேன் பெட்டியில் கேட்க வேண்டும், கமிட்டியில் இதற்கென்று குறித்த இருவரும் கைபேசியில் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் நிற்காது. "இது எதுக்கு பாய், ரெண்டு பேரு?" என்று நான்தான் சலித்துக்கொண்டேன். "இருக்கட்டும் மேடம்" என்றார்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். அன்று மூன்றாவது மாடி மாமாவுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம். பேச்சு இல்லை என்றாலும் மாமியோடு வந்து முறையாக அழைத்துவிட்டுத்தான் போயிருந்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போதே கட்டடம் கல்யாண வீடாக இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் தெருப்பக்கமாகச் சமையல்காரர்கள் அடுப்பு பற்றவைத்து, கேஸ் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு வாழைமரங்கள் குலையோடு சுவரில் சாய்ந்திருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வீட்டில் என் கணவர் மட்டும். முந்தின வாரம் காவிரிப் பாலத்தில் பைக் சறுக்கி விழுந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி மடியில் லேப்டாப், காதில் ஹெட்செட் என்று ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். ஹெட்செட்டை மாட்டிவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

இப்போது என் கட்டைவிரலுக்கு வாருங்கள். ஒதுக்கித் தள்ளப்போன அந்த நொடியில் படம் கண்ணில் பட்டது. அது மூன்றாவது மாடி நடைபாதை இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தின் உள்மூலை. மின்சார ஸ்கூட்டர்களைச் சார்ஜ் போடுகிற இடம். அங்கே ஒரு ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தில் என்னை உறைய வைத்தது புகை மட்டுமில்லை. அதைக் கடந்து ஆட்கள் நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். ஒருவர் அடிக்கிற மணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடியைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார்? "ஹோமம்தான்" என்றுதான் சொல்லியிருப்பார். மேலே ஹோமம், கீழே சமையல். புகையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? நெருப்பில்லாமல் புகையாது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நெருப்பு என்றுதான் ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "ஹோமம் இல்ல! வண்டி எரியுது! எல்லாரும் வெளில போங்க! சிலிண்டரைத் தெருவுக்குத் தள்ளுங்க!"

படத்தில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் கும்பிடுகிற மாதிரி கையைக் குவித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அசரீரி என்று நினைத்திருப்பார் போல. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "யோவ், மேல என்ன பாக்குறீங்க, பின்னாடி பாருங்கய்யா!" என்று அசரீரி மறுபடி கத்தியது. அப்போதுதான் தலைமைச் சமையல்காரர் திரும்பினார். பார்த்தார். கையிலிருந்த கரண்டியைப் போட்டார். அவரும் அவர் ஆட்களும் வாட்ச்மேனும் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அந்தக் கணத்தில் ஸ்கூட்டர் பட்டென்று வெடித்துத் தீப்பற்றியது. பக்கத்து வண்டியும் பிடித்துக்கொண்டது.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜைப் பெண் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள். நான் வீட்டுக்காரருக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

அடுத்த படம் வந்தது. லிஃப்டுக்குள் இரண்டு பெண்கள், கையில் பழத் தாம்பாளம். கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்களை லிஃப்ட் முதல் மாடியிலேயே நிறுத்தித் திறந்துவிட்டது. அவர்கள் என்னடா இது என்று திரும்பத் திரும்பக் கீழ்ப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கீழே லிஃப்ட் வாசலில் அப்போது புகை சுவர் போல் நின்றது. அந்தக் கதவு அங்கே போய்த் திறந்திருந்தால்? "கீழ வராதீங்கம்மா! படியேறி மொட்டைமாடிக்குப் போங்க, கதவு தொறந்திருக்கு!" என்றேன். தாம்பாளத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள்.

மாடிகள் எல்லாவற்றிலும் பேசினேன். தீ என்றேன், மேலே போங்கள் என்றேன். கடைசியில், "நாலாவது மாடில எங்க வீட்டுக்காரரு தனியா இருக்காரு. கால்ல கட்டு. அவரால நடக்க முடியாது. யாராச்சும் கதவைத் தட்டுங்களேன்" என்று கெஞ்சினேன்.

அதற்குள் கைபேசி இன்னொரு முறை அலறியது. 'படிக்கட்டுக் கதவு சாத்தவில்லை' என்று வந்தது. படத்தைத் திறந்தேன். அடப்பாவிகளா! திறந்திருந்த இரும்புக் கதவின் கைப்பிடியோடும் ஜன்னல் கம்பியோடும் சேர்த்து வாழைமரத்தைக் கட்டியிருந்தார்கள். படிக்கட்டு வாசல்தானே, வருகிறவர்கள் நுழைகிற இடம், அங்கே வாழைமரம் கட்டாமல் வேறெங்கே கட்டுவார்கள்? காந்தம் விட்டுவிட்டது, கதவு சாத்தப் பார்க்கிறது, கயிறு விடவில்லை. மரம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் புகை படிக்கட்டுக்குள் புகுந்து மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே அத்தனை பேர். நாலாவது மாடியில் மாவுக்கட்டோடு ஒரு மனிதர்.

"வாழமரத்தை வெட்டுங்க! கதவு சாத்தணும், மரத்தை வெட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சமையல்காரர் காய் நறுக்கும் கத்தியோடு தெருவிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. துண்டை முகத்தில் கட்டியிருந்தார். புகைக்குள் நுழைந்தார். அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

கீழே மின்சாரப் பெட்டியை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அதோடு இன்டர்நெட்டும் போய்விட்டது. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புத் திரை. அந்த மனிதர் மரத்தை வெட்டினாரா, கதவு சாத்தியதா, என் வீட்டுக் கதவை யாராவது தட்டினார்களா, எதுவுமே தெரியாது.

பக்கத்து மேஜைப் பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் ஸ்கூட்டியில் உட்கார வைத்தாள். தலைமைத் தபால் நிலைய சிக்னல், சத்திரம் பஸ் ஸ்டாண்ட், எல்லா இடத்திலும் முகூர்த்தக் கூட்டம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. எதிரே கோபுரம் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு வானத்தில் போய்க்கொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மணி போகிறது, போகிறது, நிற்கிறது. காலையில் அவரோடு ஒரு சின்னச் சண்டை. டவலை எடுத்துக் கொடுக்கச் சொல்லி நாலு தடவை கூப்பிட்டார் என்று, "உங்களுக்குக் கால்தானே ஒடஞ்சிருக்கு, கையுமா ஒடஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன். பாலத்தின் நடுவில் அதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்துப் பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாம்பழச் சாலை தாண்டி எங்கள் தெருவில் நுழையும்போது தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கூட்டம். நான் இறங்கி ஓடினேன். யார் முகமும் தெரியவில்லை. வாட்ச்மேன்தான் ஓடிவந்து என்னைப் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் கரி, இருமிக்கொண்டே மேலே கையைக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாகத் தலைகள். பட்டுப்புடவைகள், மடிசார்கள், பஞ்சகச்சங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர்! யாரோ அவர் தோளில் அங்கவஸ்திரம் வேறு போர்த்தியிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, அதிர்ச்சியா, ஆத்திரமா, எதுவென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. முதலில் வாயில் வந்தது, "போனை எடுத்தா என்னவாம் உங்களுக்கு?" என்பதுதான்.

நடந்தது இதுதான். அலாரம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மனிதர் என்ன செய்தார்? "ஹோமம்னு நெனச்சு ஹெட்செட்ல சத்தத்தைக் கூட்டி வச்சிட்டேன்" என்றார். கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டியும் கேட்கவில்லை. பிறகு மின்சாரம் போய், வை-ஃபை போய், மீட்டிங் அறுந்ததும்தான் ஹெட்செட்டைக் கழற்றியிருக்கிறார். நான் அங்கே கறுப்புத் திரையைப் பார்த்து உயிரை விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே அதே கரண்ட் போனதால்தான் கதவு தட்டுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது.

தட்டியவர் யார் தெரியுமா? மாமா. மாலையும் கழுத்துமாக இருந்த மூன்றாவது மாடி மாமா. எல்லோரும் மேலே ஓடும்போது, அந்த எண்பது வயது மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கையால் தட்டி, பிறகு வெள்ளிச் சொம்பால் இடித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் தரையில் நகர்ந்தே வந்து எட்டித் தாழ்ப்பாளை நீக்கியதும், ஹோமம் பண்ண வந்திருந்த நாலு வாத்தியார்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கித் தோளில் வைத்துப் படியேறியிருக்கிறார்கள். போன் கட்டிலிலேயே கிடந்து அடித்திருக்கிறது. நான் மாடிக்குப் போனதும் மாமா எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தார். "கவலைப்படாதேம்மா. உங்காத்துக்காரரை க்ஷேமமா ஏளப்பண்ணிட்டோம்" என்றார். பெருமாளைப் பல்லக்கில் எடுத்து வரும்போது சொல்கிற சொல் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் காலில் விழுந்தேன்.

சமையல்காரர் வாழைமரத்தை வெட்டிவிட்டிருந்தார். கையில் கொப்புளம், மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கும்பிட்டு நன்றி சொன்னேன். "நீங்க கத்துன கத்துல வெட்டாம இருக்க முடியுமாக்கா?" என்றார். முதல் மாடி வரைக்கும் படிக்கட்டுச் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்கு மேலே லேசான மங்கல்தான். கதவு அந்த நேரத்தில் சாத்தாமல் இருந்திருந்தால் நாலு வாத்தியார்களும் ஒரு நாற்காலியும் அந்தப் படியில் ஏறியிருக்கவே முடியாது என்று தீயணைப்பு வீரர் ஒருவர் சொன்னார். வண்டிகள் போயின, கூரை கறுத்தது. வாட்ச்மேன் மட்டும் புகை குடித்ததற்காக ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சாயங்காலம் வரை.

சாயங்காலம் பாய் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்பவர்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். செக்ரட்டரி அம்மா மட்டும் பிடிவாதமாக இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்போது மாமா மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் அந்தக் கணீர் இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. கார்த்தால நான்தான் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கீழயும் தளிகை நடக்கறது, மேலயும் ஹோமம், மொத்தத்தையும் நிறுத்திடுப்பான்னேன். அவனும் பொட்டியில கேட்டுப் பாத்தான். ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தர்கிட்டேர்ந்து பதில் வரலைன்னு பொட்டி ஒத்துக்கல. சரி, எங்க மாடியை மட்டும் நிறுத்துன்னுட்டேன். அந்த இன்னொருத்தர் யாரோ, அவர் நன்னா இருக்கணும்."

எனக்கு ஏதோ உறைத்தது. கைபேசியை எடுத்தேன். காலையிலிருந்து அலாரம், படம், போன், விசாரிப்பு என்று வரிசை வரிசையாக மெசேஜ்கள். அவற்றையெல்லாம் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். பால்காரர் மெசேஜுக்கும் கேஸ் சிலிண்டர் மெசேஜுக்கும் நடுவில் அது இருந்தது. 'மொத்தக் கட்டடத்தின் அலாரத்தையும் நிறுத்த அனுமதி கேட்கப்பட்டுள்ளது. ஆம் / இல்லை.' நான் திறக்கவே இல்லை. போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. நான் அப்போது குளியலறையில், மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு, டவலுக்காக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பாய் எட்டிப் பார்த்தார். மெசேஜைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் பெட்டிப் பக்கம் போய்விட்டார்.

பார்த்திருந்தால் நான் என்ன அழுத்தியிருப்பேன்? கூட்டத்தில் அத்தனை சண்டை போட்டவள், உறுதியாக 'இல்லை' என்றுதான் அழுத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத்தானே என்னைத் தெரியும்? எண்பது வயதுப் பெரியவர் வீட்டு விசேஷம். பேச்சை முறித்துக்கொண்ட மனிதர். ஒரு நாள்தானே, போகட்டும், இந்தச் சாக்கில் சமாதானம் ஆகிவிடலாம் என்று ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு 'ஆம்' என்றுதான் அழுத்தியிருப்பேன். அழுத்தியிருந்தால் மணி இல்லை, படம் இல்லை, அசரீரி இல்லை. லிஃப்ட் நேராகக் கீழே வந்து புகைக்குள் திறந்திருக்கும். என் வீட்டுக்காரர் ஹெட்செட்டோடு மீட்டிங்கில் இருந்திருப்பார். தெருவில் அத்தனை பேர் நடுவில் நான் தேம்பத் தொடங்கினேன். காலையில் பாலத்தில்கூட அப்படி அழவில்லை. மாமா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மாமாவிடம் அந்த மெசேஜைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "அந்த இன்னொருத்தர் நீதானா?" என்றார். கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பதில் சொல்லாம இருந்தியே, அது பெருமாள்தாம்மா" என்றார். இந்த முறை என் வாய் சும்மா இருந்தது.

இப்போது எங்கள் கட்டடத்தில் மொத்த அலாரத்தையும் நிறுத்துகிற பேச்சே கிடையாது. வாழைமரத்தைக் கேட்டுக்கு வெளியே கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியவர் மூன்றாவது மாடி மாமா. அந்த மெசேஜை மட்டும் நான் இன்னும் அழிக்கவில்லை. காவலுக்குக் கண்ணும் வாயும் காதும் சேர்த்துக் கொடுத்தவள் நான்தான், ஆனால் அன்று எங்களைக் காப்பாற்றியது நான் பார்க்காமலே விட்ட ஒரு கேள்வி என்பதால், யாருக்கு எந்தச் சின்ன விஷயத்துக்கு 'ஆம்' சொல்லப் போனாலும் என் கட்டைவிரல் இன்றும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.